தீவகத்து ஊர்ப் பள்ளிக்கூடங்கள்: வகுப்பறை வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழர் கல்வி வரலாறு பற்றி எழுந்த நூல்களுட் பெரும்பாலானவை கல்லூரிகளின் வரலாறாகவே அமைந்துள்ளன. வட்டுக்கோட்டைச் செமினரி, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, சம்பத்திரிசியார் கல்லூரி, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஆகியன எவரால் எப்போது தோற்றுவிக்கப்பட்டன, எத்தகைய அறிஞரை உருவாக்கின என்பவற்றை அந்நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வாழ்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுட் மிகப் பெரும்பாலானோர் எந்தக் கல்லூரியின் வாயிலையும் மிதித்தவரல்லர். அரிவரியில் ஏறி, சில வகுப்புக்களைக் கடந்து, வயலுக்கும் கடலுக்கும் கடைக்கும் அடுப்படிக்கும் போனவர்களே அவர்கள். அவர்கள் கற்ற இடம் ஊர்ப் பள்ளிக்கூடம். அப்பள்ளிக்கூடத்தின் உள்ளே ஒரு நாள் எவ்வாறு கழிந்தது, பிள்ளை எதன்மீது அமர்ந்தது, எதன்மேல் எழுதியது, எதனை உரத்து ஓதியது என்னும் வினாக்களைக் கல்வி வரலாற்றாசிரியர் அதிகம் கேட்டாரல்லர்.

தீவகத்தைப் பொறுத்தவரை இக்குறை மேலும் பெரிது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே ஆழங் குறைந்த கடலாற் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் ஊர்காவற்றுறை–வேலணைத் தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியன நிர்வாகக் கோவைகளில் ஓரத்துக் குறிப்பாகவே இடம்பெற்று வந்துள்ளன. ஒல்லாந்தர் இவற்றுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறைத் தீவு லைடன் எனப்பட்டது, புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற். லைடன் நகரம் 1575 இல் நிறுவப்பட்ட பெரும் பல்கலைக்கழகத்தால் உலகப் புகழ் பெற்றது. அப்பெயரைத் தாங்கிய தீவிலோ ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை கோயிற்பற்றுப் பள்ளிகளேயன்றி வேறில்லை. தீவு மக்கள் இப்பெயர்களுள் ஒன்றையேனும் தம் வாயில் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

தீவகத்துப் பள்ளிகளின் வரலாற்றை நோக்குவோர் பொதுவாக அவற்றை நடத்தியோரை அடிப்படையாகக் கொண்டே காலப்பகுப்புச் செய்வர்: ஒல்லாந்தர் காலம், மிசனரிமார் காலம், சைவ மறுமலர்ச்சிக் காலம், அரசுடைமைக் காலம் என்பது அப்பகுப்பு. அது பிழையன்று, எனினும் வகுப்பறையின் உள்ளிருந்து நோக்குமிடத்து அது போதியதன்று. பள்ளியின் உரிமையாளர் மாறியபோதெல்லாம் வகுப்பறை மாறிவிடவில்லை. தீவுப் பள்ளியின் போக்கை நிருணயித்த காரணி வேறொன்று. ஆசிரியர் அந்தத் தீவிலே குடியிருந்தாரா, அன்றி நாடோறும் கடல் கடந்து வந்து போனாரா என்பதே அது.

ஐரோப்பியர் வருகைக்கு முன்பும், அவர்கள் ஆட்சி நடத்திய காலத்திலும், ஊர்களில் எழுத்தறிவித்தவர் சட்டம்பியார் எனப்பட்டார். அவருடைய வீட்டுத் திண்ணையோ, மரநிழலோ, கோயில் மடமோ பள்ளிக்கூடமாயிற்று. விசயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதப் பழகிற்று. தீவுகளில் மணலுக்குப் பஞ்சமில்லை. அரிச்சுவடியை மணலில் எழுதிக் கைபடிந்த பின்னரே பிள்ளைக்குப் பனையோலையும் எழுத்தாணியும் கிடைத்தன. பனையோலையைப் பதப்படுத்தி நறுக்கிச் சட்டம் வாருவதும், வரைந்த எழுத்துத் துலங்கக் கரி தடவுவதும் மாணாக்கர் கற்றுக்கொண்ட முதற் கைத்தொழில்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வாக்குண்டாம், நல்வழி என்னும் வரிசையில் நீதிநூல்கள் மனனஞ் செய்யப்பட்டன. அதன்மேற் செல்வோர் நிகண்டும் அந்தாதிகளும் படித்தனர். எண்சுவடி இவற்றோடு இணைந்து நடந்தது. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. மா இருபதில் ஒன்று. இப்பின்னங்களை எழுதாமலே பெருக்கவும் கூட்டவும் வல்ல சிறுவரை அப்பள்ளி உருவாக்கிற்று. பொருள் விளங்காமல் ஓதுவித்தது என்று பிற்காலத்தார் அப்பள்ளியைக் குறை கூறினர். குறை உண்மையே. ஆயினும், நெல்லும் புகையிலையும் தோணிச் சரக்கும் கணக்கிட வேண்டிய ஒரு சமூகத்துக்கு இந்த மனக்கணக்கு வெற்றோசையாய் இருந்திருக்க முடியாது.

சட்டம்பியாருக்குக் கொடை பெரும்பாலும் பண்டமாகவே சென்றது. உவா, அட்டமி, பாட்டிமை நாள்களில் ஏடு அவிழ்க்கப்படுவதில்லை. பிள்ளையின் வீட்டு நிலையும், அறுவடைக்கும் மீன்பாட்டுக்கும் உரிய காலமும் அவருக்குத் தெரியும். அவரும் அதே மழையையும் வரட்சியையும் அனுபவித்தவர். ஆகவே பள்ளியின் நாட்காட்டி ஊரின் நாட்காட்டியாகவே இருந்தது. இந்த முறையின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. திண்ணையில் இடம் பெற்றவர் ஊரில் இடம் பெற்றவரே. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும், சில விதிவிலக்குகள் நீங்கலாகப் பெண்பிள்ளைகளுக்கும் அத்திண்ணை மூடப்பட்டிருந்தது. பிரம்பும் குட்டும் கோதண்டமும் பாடத்தின் பகுதியாகவே கருதப்பட்டன.

போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கக் கோயிற்பற்றுக்களை 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தமதாக்கிக்கொண்டு, கோயிலையும் பள்ளியையும் ஒரே கூரையின் கீழ் வைத்தனர். யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்து 1672 இல் தம் நூலை வெளியிட்ட பிலிப்பஸ் பல்தேயு பாதிரியார் கோயிற்பற்றுக்கள்தோறும் பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் தொகையைக் குறித்துச் சென்றார். ஒல்லாந்தப் பள்ளியின் மிக முக்கிய பொருள் புத்தகமன்று. பாடசாலைத் தோம்பு எனப்பட்ட பெயரேடு. பள்ளி ஆசிரியரே ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிந்தார். பிள்ளை வராவிடின் பெற்றோர் தண்டப்பணம் இறுக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் பாதிரியாரும் பள்ளி மேற்பார்வையாளரும் வந்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, செபங்களையும் ஞானோபதேச வினாவிடைகளையும் ஒப்புவிக்கச் செய்தனர். பெயர் கூப்பிடுதல், வராதோரைக் குறித்தல், வெளியிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து சோதித்தல் ஆகிய மூன்றும் தீவுப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது இக்காலத்திலேயே. ஒல்லாந்த ஆட்சி 1796 இல் முடிந்தது. அவர்தம் மதம் தீவுகளில் ஏறக்குறைய அடையாளமின்றி மறைந்தது. ஆனால் இடாப்பு நிலைத்துவிட்டது. கற்பிக்கும் முறையிலோ பெரிய மாற்றம் எதுவும் நேரவில்லை. பள்ளி ஆசிரியர் உள்ளூரவரே. ஆத்திசூடிக்குப் பதிலாக வினாவிடை ஓதப்பட்டது. ஓதும் முறை மாறவில்லை.

ஓதும் முறையும் மணலெழுத்தும் உலகளாவிய ஒரு கிளைக்கதையை உடையன. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பாளராக 1789 முதல் இருந்த அன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் தழுவி, தம் இல்லத்தில் ஒரு புதிய கல்விமுறையை அமைத்தார். அவர் 1797 இல் இலண்டனில் வெளியிட்ட சிறுநூலின் வழியாக அது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்று, இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளெங்கும் பரவிற்று. பின்னர் மிசனரிமார் கப்பலேறி வந்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதே முறையை மேலைநாட்டுப் புதுமையாக வழங்கினர். தமிழ்த் திண்ணை உலகைச் சுற்றி வந்து தன் வீட்டுப் படலையையே தட்டியது எனலாம்.

அமெரிக்க மிசனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். கத்தோலிக்கரிடையே அமலமரித் தியாகிகள் சபையினர் 1847 முதல் பணியாற்றினர். ஊர்காவற்றுறைத் துறைமுகப் பகுதியும் கரம்பொனும் கத்தோலிக்கக் கல்வியின் நிலைக்களமாயின. அங்கு எழுந்த புனித அந்தோனியார் பள்ளி பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. அமெரிக்க மிசனின் சுதேச ஊழியர் வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களிற் பள்ளிகள் வைத்தனர். இந்தப் பள்ளிகளின் தொடக்க காலத்தைப் பற்றிய ஒரு செய்தி வேடிக்கையானது. கிறித்தவ ஆசிரியர் போதியளவு கிடைக்காமையால், மிசனரிமார் ஊர்ச் சைவச் சட்டம்பிமாரையே சம்பளங் கொடுத்து அமர்த்த வேண்டியிருந்தது. திருநீறணிந்த ஆசிரியர் விவிலிய வசனங்களை மனனஞ் செய்வித்தார். கூலி கொடுத்தவர் மாறினாரேயன்றிப் பிள்ளையின் முன் நின்றவர் மாறவில்லை. புதியனவாக வந்தவை அச்சிட்ட நூலும், சிலேட்டும், காலப்போக்கிற் பெண்பிள்ளைகளும் ஆவன. இவற்றுட் மூன்றாவதே மிகப் பெரிய மாற்றம் என்பதில் ஐயமில்லை.

வண்ணார்பண்ணையில் 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியிற் கற்றும் கற்பித்தும் மிசன் வகுப்பறையின் ஒழுங்கை உள்ளிருந்து அறிந்தவர். வகுப்பு வகுப்பாகப் பிரித்தல், வசன நடையில் அமைந்த படிமுறைப் பாடநூல், குறித்த நேரசூசி என்பவற்றை அவர் சைவப் பிள்ளைக்கு உரியனவாக்கினார். அவருடைய பாலபாடங்கள் தீவகத்துச் சைவப் பள்ளிகளிலும் கையாளப்பட்டன. செய்யுளை மாத்திரமே ஓதிய பிள்ளை, தன் சமயத்தைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் உரைநடையில் வாசிக்கத் தொடங்கியமை வகுப்பறை வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

அரசாங்கம் 1869 இல் பொதுப்போதனைத் திணைக்களத்தை அமைத்ததோடு ஒரு புதிய வித்தியாதரிசி பிறந்தார். உதவி நன்கொடை பெறும் பள்ளிகளுக்குப் பெறுபேற்றின்படி பணம் கொடுக்கும் முறை வந்தது. வித்தியாதரிசி வரும் நாளில் எத்தனை பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிற் சித்தியெய்தினரோ அதற்கேற்பவே நன்கொடை. ஆசிரியரின் சம்பளம் இதிலேயே தங்கியிருந்தமையால் வகுப்பறை சோதனைக்கான ஒத்திகைக் கூடமாயிற்று. அப்பாடநூலை முதலெழுத்திலிருந்து இறுதிவரை பிள்ளைகள் பாராமலே 'வாசித்தனர்'. வித்தியாதரிசி வரும் நாளில் காய்ச்சலோடு படுத்திருந்த பிள்ளை ஆசிரியருக்கு நட்டம். தீவுகளுக்கு வித்தியாதரிசி வருவது கடலைப் பொறுத்தது என்பதால் இப்பதற்றம் அங்கு இரட்டிப்பாயிருந்திருக்கும். மனனப் பழக்கத்திற்குத் திண்ணையைக் குறைகூறுவோர், அதனை அரசாங்கப் பணம் எவ்வாறு உறுதிப்படுத்திற்று என்பதையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

கல்விச் சட்டம் 1920 இல் நிறைவேறிய பின்னும், சைவ வித்தியாவிருத்திச் சங்கம் 1923 இல் நிறுவப்பட்ட பின்னும் தீவகத்திற் பள்ளிகள் பெருகின. இந்து போர்ட் இராசரத்தினம் என அறியப்பட்ட சு. இராசரத்தினத்தின் முயற்சியால் ஊர்தோறும் சைவப் பள்ளி என்னும் இலட்சியம் தீவுகளையும் எட்டிற்று. ஒரே குறிச்சியில் றோ.க.த.க. பாடசாலையும், அ.மி.த.க. பாடசாலையும், சைவப் பாடசாலையும் அருகருகே நின்ற காட்சி இக்காலத்துக்குரியது. உரோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன், அமெரிக்க மிசன் தமிழ்க் கலவன் என விரியும் இந்தக் குறுக்கெழுத்துக்கள், பள்ளிகள் அரசுடைமையான பின்னும் பெயர்ப்பலகைகளில் நீங்காதிருந்தன. சமயப் போட்டியின் கசப்பை மறந்துவிட்டு நோக்கின், அந்தப் போட்டியாற் பயனடைந்தது சிறு பிள்ளையே. மழைக்காலத்தில் நடந்து போகக்கூடிய தூரத்தில் அதற்கொரு பள்ளி கிடைத்தது.

1920 முதல் 1960 வரையான நாற்பதாண்டுகளைத் தீவகத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் செழிப்பான காலம் எனலாம். கட்டடம் பெரும்பாலும் ஒரே நீண்ட மண்டபம், அரைச்சுவர், மேலே ஓலை அல்லது ஓடு. வகுப்புக்களுக்கிடையே சுவரில்லை. கரும்பலகையே எல்லை. ஒரு பக்கத்தில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, மறுபக்கத்தில் அரிவரி 'அ' எழுத, அப்பால் ஐந்தாம் வகுப்பு பூமிசாத்திரம் படிக்கும். இரண்டு வகுப்புக்களை ஓராசிரியர் நடத்துவது வழமை. ஒரு வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு மற்றதற்கு வாய்ப்பாடம் நடத்தும் இக்கலை எந்த ஆசிரிய கலாசாலையிலும் முறையாகப் போதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை, அனுபவத்தாலேயே பெறப்பட்டது. பிற்காலக் கல்வியியலாளர் இதற்குப் பல்தரக் கற்பித்தல் என்று பெயரிட்டு நூலெழுதினர்.

காலையில் மணியடித்தவுடன் சைவப் பள்ளியிற் தேவாரமும், கத்தோலிக்கப் பள்ளியிற் செபமும். பின்பு இடாப்பு. முதற் பாடம் சமயம். அதையடுத்துக் கணக்கு. அரிவரிப் பிள்ளைகள் ஈர்க்குக் கட்டுக்களையும் புளியங்கொட்டையையும் கடற்கரைச் சோகியையும் கொண்டு எண்ணக் கற்றனர். பத்து ஈர்க்கை ஒன்றாகக் கட்டியதும் 'பத்து' என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளாயிற்று. சிலேட்டில் எழுதியதை எச்சில் தொட்டு அழிப்பதற்கும், அதற்காக அடி வாங்குவதற்கும் எல்லைத் தீவுகளும் குடாநாடும் என்ற வேறுபாடு இருக்கவில்லை. மேல்வகுப்புக்கு ஏறியோருக்கே கொப்பி. கைவேலைப் பாடத்திற் குருத்தோலையால் கிளியும் காற்றாடியும் பெட்டியும் இழைக்கப்பட்டன. தாயும் பேத்தியும் வீட்டில் இழைப்பதையே பள்ளியிலும் இழைத்தபோது, பாடத்துக்கும் வாழ்வுக்கும் இடைவெளி குறைவாயிருந்தது. பாடசாலைத் தோட்டம் மட்டும் தீவுகளில் ஓயாத போராட்டம். உவர்நீர்க் கிணறும் சோளகக் காற்றும் கத்தரிக் கன்றுக்கு இடங்கொடா. இடைவேளையிற் சிறுவருக்குக் கிளித்தட்டும் கிட்டியும்; சிறுமியருக்குக் கொக்கான். புரட்டாதியில் வாணிவிழா, அவலும் கடலையும் சுண்டலும் அதன் பாடத்திட்டம்.

இதே வகுப்பறையில் ஆசனம் ஒரு பெரும் வினாவாயிற்று. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளிகளிலும் அவர்கள் வாங்கில் அமர விடப்படவில்லை. நிலத்திலோ மண்டபத்தின் புறத்தேயோ இருத்தப்பட்டனர். உதவி நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கப்படவேண்டும் என்னும் விதி 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் வலியுறுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் எதிர்ப்புக் கிளம்பிற்று. பள்ளிகள் சில தீக்கிரையாயின. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் சம ஆசனத்தின் பக்கம் நின்றனர். எழுத்தறிவையே பெருஞ்செல்வமாகக் கருதிய ஒரு சமூகம், ஒரு பிள்ளை வாங்கில் அமர்வதைப் பொறாது பள்ளியையே எரித்தது என்பது யாழ்ப்பாணக் கல்விப் பெருமை பேசுவோர் விரைந்து கடந்துபோகும் பக்கமாகும். நன்னீர் அரிதாகிய தீவுகளில் ஆசனத்தோடு தண்ணீரும் சேர்ந்துகொண்டது. பேராதனையிற் பயின்ற எழுத்தாளரும் ஆசிரியருமான புங்குடுதீவு மு. தளையசிங்கம் (1935–1973), ஒடுக்கப்பட்ட மக்கள் ஊர்க் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்காகப் போராடிப் பொலிசாரின் தாக்குதலுக்கு ஆளானது 1970-களின் தொடக்கத்திலேயே. வாங்குச் சண்டை நடந்து நாற்பதாண்டு கடந்த பின்னும் கிணற்றடியில் அது ஓயவில்லை.

இக்காலத்து வகுப்பறைக்குப் பாட்டும் வந்து சேர்ந்தது. வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் 1930-களில் வெளியிட்ட 'பிள்ளைப் பாட்டு' என்னும் தொகுதி, நீதிநூற் சூத்திரங்களுக்கு அப்பால் பிள்ளையின் வாய்க்கேற்ற பாடல்களை ஆசிரியர் கையில் கொடுத்தது. வேலணையிற் பிறந்த வித்துவான் க. வேந்தனார் (1918–1966) இயற்றிய குழந்தைப் பாடல்கள் பின்னர் பாடநூல்களிலும் ஏறின. அறஞ் செய்ய விரும்புமாறு பணித்த வகுப்பறை, தாயின் அணைப்பைப் பாடவும் இடந் தந்தது. ஊர்காவற்றுறையில் அரிவரி கற்ற மற்றொரு பிள்ளை, 1913 இல் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளார். உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளின் மூலவராகப் போற்றப்படும் அவர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றியது தமிழ்த்துறையிலன்று, கல்வித்துறையில். இலண்டனில் அவர் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்த பொருளும் பழந்தமிழ் இலக்கியத்திற் காணப்படும் கல்விச் சிந்தனையே. தமிழ்த்தூது என்னும் பெரும் பணியின் நிழலில் இந்த முகம் மங்கிவிட்டது.

1920 முதல் 1960 வரையான இக்காலத்து ஆசிரியருட் பெரும்பாலோர் தீவகத்தையே சார்ந்தவர், அல்லது வந்து தங்கி ஊரவராகிவிட்டவர். சைவ வித்தியாசாலையின் தலைமையாசிரியர் கோயிற் புராணப் படிப்புக்குப் பொருள் சொன்னார். காணி உறுதி வாசித்தார். கடிதம் எழுதிக் கொடுத்தார். வராத பிள்ளையின் வீட்டுப் படலையில் மாலையில் அவர் நின்றால் மறுநாள் பிள்ளை வந்தது. இடாப்பைவிட இது வலிதாயிருந்தது.

இலவசக் கல்வித் திட்டமும், அதன் பகுதியாக வேலணையில் அமைந்த மத்திய கல்லூரியும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும் 1940-களில் ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கு மேலேறும் வழியைத் திறந்தன. பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் சட்டங்கள் 1960 இலும் 1961 இலும் வந்தன. சம வாய்ப்பு, ஒரே சீரான சம்பளம், எந்தச் சாதிப் பிள்ளைக்கும் எந்தச் சமயப் பிள்ளைக்கும் திறந்த கதவு என்பன இச்சட்டங்களின் நற்பயன்கள். அவற்றைக் குறைத்து மதிப்பிடல் நீதியன்று. எனினும் ஆசிரியர் நியமனம் ஊர் முகாமையாளரின் கையை விட்டு நீங்கி இடமாற்றப் பட்டியலுக்குள் புகுந்தது. நெடுந்தீவு போன்ற இடங்கள் காலப்போக்கிற் கஷ்டப் பிரதேசம் என வகுக்கப்பட்டன. கஷ்டப் பிரதேசச் சேவையைச் சில ஆண்டுகளில் முடித்துத் திரும்புவதே ஆசிரியரின் நோக்கமாதல் இயல்பு. ஊர்ப் பள்ளி, ஊரவர் பணிபுரியும் இடம் என்ற நிலையிலிருந்து, வெளியூரவர் காலங் கழித்துப் போகும் இடம் என்ற நிலைக்கு இறங்கிற்று.

பண்ணைத் தாம்போதியும், புங்குடுதீவு வாணர் சகோதரரின் முயற்சியால் வேலணையைப் புங்குடுதீவுடன் இணைத்த வாணர் தாம்போதியும் இதில் எதிர்பாராத பங்கு வகித்தன. வழி திறந்ததும் ஆசிரியர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து மாலையில் திரும்பலாயினர். ஊரில் தங்கும் தேவை ஒழிந்தது. அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகே கதி. நயினாதீவு கூப்பிடு தூரம்; நெடுந்தீவுக்கோ கடல் அமைதியாய் இருப்பினும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். படகு வந்த பின்னரே முதற் பாடம். படகு புறப்படுமுன் இறுதிப் பாடம். சோளகம் எழுந்தால் பாடமே இல்லை. நேரசூசியைக் கல்வித் திணைக்களம் எழுதிற்று. அதனை நடைமுறைப்படுத்தியவன் படகோட்டி. அந்தக் கடல் பின்னர் அச்சத்துக்கும் உரியதாயிற்று. 1985 மே 15 இல் குமுதினிப் படகிற் சென்ற நெடுந்தீவு மக்கள் பலர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதன்பின் ஓர் ஆசிரியரோ மாணவரோ அந்த நீரைக் கடந்தது வெறும் பயணமாய் இருந்திருக்க இயலாது.

பாடத்திட்டமும் இதே காலத்தில் மாறிற்று. 1972 இன் சீர்திருத்தம் தனித்தனிப் பாடங்களை ஒருங்கிணைத்து, ஆறு வயதிற் தொடங்கும் ஐந்தாண்டு ஆரம்பக் கல்வியை வகுத்தது. வயதெல்லை பின்னர் பழையபடி ஐந்தாயிற்று. 1980 முதல் பாடநூலும், 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைத்தன. 1999 இல் நாடெங்கும் தொடங்கிய சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புக்களை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்து, விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்னும் மூன்றன் சமநிலையை வற்புறுத்திற்று. 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என ஒரு பாடமே வந்தது. ஓலையிழைத்தலும் சோகி எண்ணுதலும் நூற்றாண்டுக்காலம் பாடநூலில் இடம்பெறாமலே நிகழ்ந்த ஓரிடத்துக்கு இக்கொள்கை புதியதன்று. ஆயின் சுற்றாடலைப் பிள்ளைக்குக் காட்ட ஆசிரியர் அச்சுற்றாடலை அறிந்திருத்தல் வேண்டும். சங்கையும் சோகியையும் வேறுபடுத்தத் தெரிந்த பிள்ளைக்கு, மாலைப் படகை எண்ணி அமர்ந்திருப்பவர் எதைக் காட்டுவார்?

செயற்பாட்டுக் கல்வி வந்தபோது தீவகத்தின் பல பள்ளிகளில் அதனைச் செய்யப் பிள்ளைகள் இல்லை. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவுப் பகுதிகளின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். குடாநாட்டிலும் வன்னியிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் அவர்கள் சிதறினர். புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் (1950–2006) தம் 'காற்றுவெளிக் கிராமம்' என்னும் தொகுதிக்குப் பொருளாகக் கொண்டது இந்த வெறுமையையே. சம்பவத்திரட்டுக்களும் இடாப்புக்களும் பல அழிந்தன. மக்கள் திரும்பிய இடங்களிலும் பழைய தொகை திரும்பவில்லை. முன்னர் மூன்று சமயத்தார் போட்டியிட்டு நடத்திய குறிச்சியில் ஒரு பள்ளியே திறந்தது. சில கட்டடங்களின் கூரைக்குள் ஆலும் அரசும் வேர்விட்டன. வெளிநாடுகளிற் குடியேறியோரின் பழைய மாணவர் சங்கங்கள் தண்ணீர்த் தொட்டியும் கணினியும் அனுப்பின. பிள்ளைகளை அனுப்ப அவற்றால் இயலவில்லை.

நெடுந்தீவும் நயினாதீவும் முற்றாக வெறுமையாகவில்லை. அங்குப் பள்ளிகள் போர்க்காலம் முழுவதும் மணியடித்தன. குடாநாட்டிலிருந்து ஆசிரியர் வர இயலாத நாள்களில், உயர்தரம் கற்று வேலையின்றியிருந்த ஊர் இளைஞரும் யுவதியரும் தொண்டராசிரியராக வகுப்பேற்றனர். சம்பளம் இல்லை, அல்லது இருந்ததும் பெயரளவே. பயிற்சி பெறாதவர் என்ற குறை அவர்கள்மீது இருந்தது. ஆனால் அவர்கள் படகுக்காகக் காத்திருக்கவில்லை. வராத பிள்ளையின் படலை எது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.